தவக்காலத்துக்குப் புதியவர்களுக்கு: பெயர்களின் பொருளும் அனுசரிக்கும் முறையும்

மாசி பிறந்துவிட்டால் கொங்கு நாட்டில் விரதப் பேச்சு தொடங்கிவிடும். கோவையில் கோனியம்மன் தேர், அடுத்துப் பங்குனியில் பண்ணாரி குண்டம், பழனிக்குப் பங்குனி உத்திரக் காவடி என்று ஒவ்வொரு வீட்டிலும் யாராவது ஒருவர் கவுச்சியை நிறுத்தியிருப்பார். ஏறத்தாழ இதே வாரங்களில்தான் இப்பகுதிக் கிறித்தவ வீடுகளும் தவக்காலத்தை அனுசரிக்கின்றன. கிறித்தவக் குடும்பத்துக்குப் புதிதாக மருமகளாகவோ மருமகனாகவோ வந்தவர்கள், திருமுழுக்குப் (ஞானஸ்நானம்) பெறுவதற்காக மறைக்கல்வி கற்று வருபவர்கள், வளர்ந்த பின் ஆலயத்துக்குத் திரும்பி வந்தவர்கள் ஆகியோர் முதல் ஆண்டில் தடுமாறுவது பெரும்பாலும் பெயர்களில்தான். தவக்காலம், தபசு காலம், லெந்து, நாற்பது நாள், நோன்பு, உபவாசம், ஒருசந்தி, சுத்தபோசனம் என்று ஆளுக்கொரு சொல்லைச் சொல்வார்கள். எது காலத்தின் பெயர், எது செயலின் பெயர் என்று பிரித்தறிந்துகொண்டால், என்ன செய்ய வேண்டும் என்பதில் பாதி தானாகவே விளங்கிவிடும். ஆகவே இந்த வழிகாட்டி பெயர்களிலிருந்து தொடங்குகிறது.

முதற்படி: காலத்தின் பெயர்களைப் பிரித்தறியுங்கள்

கத்தோலிக்க ஆலயங்களில் அறிவிப்பிலும் வழிபாட்டு நூலிலும் நீங்கள் கேட்கும் சொல் தவக்காலம். எழுபது வயதைத் தாண்டிய பாட்டிமார் தபசு காலம் என்பார்கள். சீர்திருத்தச் (புராட்டஸ்டன்ட்) சபையான தென்னிந்தியத் திருச்சபையினர் லெந்து காலம் அல்லது லெந்து நாட்கள் என்பார்கள். கோவையில் வாழும் சீரோ மலபார் (கேரளக் கத்தோலிக்க மரபு) குடும்பங்கள் ஐம்பது நோன்பு என்ற பொருளில் ‘அம்பது நோம்பு’ என்பார்கள். நால்வரும் சொல்வது ஒன்றையே: இயேசு உயிர்த்தெழுந்த பெருவிழாவுக்கு (ஈஸ்டர்) முன், அதற்காக உடலையும் மனத்தையும் ஆயத்தப்படுத்தும் வாரங்கள்.

இவற்றில் மிகப் பழைய பெயர் வெறும் எண்ணாகவே இருந்தது. 325ஆம் ஆண்டு நைசியாவில் கூடிய பொதுச்சங்கத்தின் ஐந்தாம் விதி, ஆயர்கள் (பிஷப்புகள்) ஆண்டுக்கு இருமுறை கூட வேண்டும் என்று சொல்லும்போது, முதல் கூட்டத்தை ‘தெஸ்ஸராகொஸ்தே’ தொடங்குமுன் வைத்துக்கொள்ளுங்கள் என்கிறது. கிரேக்கத்தில் அதற்கு ‘நாற்பதாவது’ என்று பொருள். இலத்தீனில் அதுவே ‘குவாத்ராஜெசிமா’ ஆயிற்று. இத்தாலியரின் குவாரெசிமா, ஸ்பானியரின் குவாரெஸ்மா, பிரெஞ்சுக்காரரின் கரேம் ஆகிய எல்லாம் அதிலிருந்து கிளைத்தவையே. ஆனால் நாற்பது என்ற கணக்கு தொடக்கத்திலிருந்தே இருந்ததில்லை. இரண்டாம் நூற்றாண்டின் இறுதியில் லியோன் நகர ஆயர் இரனேயு உரோமை ஆயர் விக்டருக்கு எழுதிய மடலில், பாஸ்காவுக்கு (உயிர்ப்புப் பெருவிழாவுக்கு) முன் சிலர் ஒரு நாள் நோன்பிருக்கிறார்கள், சிலர் இரண்டு நாள், சிலர் நாற்பது மணி நேரம் என்று குறிப்பிடுகிறார். பாலைநிலத்தில் இயேசு நாற்பது நாள் நோன்பிருந்ததும், சீனாய் மலையில் மோசேயும் ஓரேபு நோக்கி நடந்த எலியாவும் நாற்பது நாளைக் கழித்ததும் விவிலியத்தில் இருப்பதால், காலப்போக்கில் அந்த எண்ணே நிலைத்துவிட்டது.

லெந்து என்ற சொல்லில் எண்ணும் இல்லை, நோன்பும் இல்லை. பழைய ஆங்கிலத்தில் ‘லெங்க்டென்’ என்றால் வசந்த காலம். பகற்பொழுது நீளத் தொடங்கும் பருவம் என்பது அதன் அடிப்பொருள் என்பர். இலத்தீன் கற்ற குருக்கள் நாற்பதை எண்ணிக்கொண்டிருக்க, இங்கிலாந்தின் உழவர்கள் நோன்பு வரும் பருவத்தின் பெயரையே நோன்புக்கும் வைத்துவிட்டார்கள். அது ஆங்கிலத்தில் லெந்த் என்று குறுகி, ஆங்கிலேய மறைப்பணியாளர் வழியாகத் தமிழில் லெந்து ஆயிற்று. கோவையில் இலண்டன் மிஷன் பணி 1830இல் தொடங்கியது. அந்த மிஷனைச் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் சடங்குகளைக் குறைத்த சபை மரபினர். இருந்தும், 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையின் நாட்காட்டியில் லெந்து நிலையான இடம் பெற்றுவிட்டது.

தவக்காலம் என்ற சொல்லோ செய்ய வேண்டிய செயலையே சொல்கிறது. தபசு, தவம் இரண்டும் ‘காய்தல், சூடேறுதல்’ என்று பொருள்படும் வடமொழி வேரிலிருந்து வந்தவை. திருக்குறளில் தவம் என்றே ஓர் அதிகாரம் உண்டு. தனக்கு வந்த துன்பத்தைப் பொறுத்தலும் பிற உயிருக்குத் துன்பம் செய்யாதிருத்தலுமே தவத்தின் வடிவம் என்கிறது அது. பாலைநிலத்தில் இயேசு பசித்திருந்ததையும், கல்லை அப்பமாக்கித் தன் பசியைத் தீர்த்துக்கொள்ள மறுத்ததையும் படித்த எவருக்கும் இந்த விளக்கம் அந்நியமாகப் படாது. மேலைநாட்டுப் பெயர்கள் எண்ணோடும் பருவத்தோடும் நின்றுவிட, தமிழ்ப் பெயர் மனிதன் என்ன ஆக வேண்டும் என்பதைத் தொட்டுவிடுகிறது என்பதே என் உறுதியான எண்ணம். புதிதாக வருபவர்கள் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டால் போதும். மற்றவை அதன்பின் வரும்.

அடுத்து: நாட்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள்

தவக்காலம் ஆண்டுதோறும் ஒரே தேதியில் வருவதில்லை. மார்ச் 21ஆம் நாளிலோ அதற்குப் பின்னரோ வரும் திருச்சபைக் கணக்கின் முழுநிலவை அடுத்த ஞாயிறே உயிர்ப்புப் பெருவிழா. பங்குனி உத்திரமும் பௌர்ணமியை ஒட்டி வருவதால், பல ஆண்டுகளில் அதுவும் உயிர்ப்புக்கு முந்தைய புனித வாரமும் நெருங்கி வருவதைப் பார்க்கலாம். உயிர்ப்பு ஞாயிறிலிருந்து 46 நாள் பின்னோக்கி எண்ணினால் வரும் புதன்கிழமை சாம்பல் புதன். பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் இடையில்தான் அது விழும். 2027இல் பிப்ரவரி 10 சாம்பல் புதன். மார்ச் 28 உயிர்ப்புப் பெருவிழா.

நாற்பது நாள் என்று சொல்லிவிட்டு 46 எண்ணுவது ஏன் என்று எல்லாப் புதியவர்களும் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும். ஞாயிறு ஒவ்வொன்றும் உயிர்ப்பின் நாள் என்பதால் அன்று நோன்பில்லை. இடையில் வரும் ஆறு ஞாயிறுகளைக் கழித்தால் நாற்பது. ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் உரோமையின் தலைமைக் குருவாயிருந்த பெரிய கிரகோரியார் காலத்தில் நோன்பு நாட்கள் 36ஆகவே இருந்தன. ஆண்டில் பத்தில் ஒரு பங்கைக் கடவுளுக்குக் கொடுப்பதாக அவர் அதற்கு விளக்கம் சொன்னார். பின்னர் நாற்பதை நிறைவாக்குவதற்காக முன்பக்கம் நான்கு நாள் சேர்க்கப்பட்டது. தொடக்கம் புதன்கிழமைக்கு நகர்ந்தது அப்படித்தான். சீரோ மலபார் வழிபாட்டு மரபில் இந்தச் சேர்க்கை இல்லை. அவர்கள் அதற்கு முந்தைய திங்களன்றே தொடங்கிவிடுவார்கள். 2010இல் கோவை இராமநாதபுரத்தைத் தலைமையிடமாகக் கொண்டு அவர்களுக்கெனத் தனி மறைமாவட்டம் உருவானதிலிருந்து, ஒரே தெருவில் இரண்டு தொடக்கங்களைப் பார்ப்பது நம் ஊரில் இயல்பாகிவிட்டது. அடுத்த வீட்டார் இரண்டு நாள் முன்பே அசைவத்தை நிறுத்திவிட்டார்கள் என்று நீங்கள் பதற வேண்டியதில்லை.

சாம்பல் புதனன்று

இந்நாளுக்கு விபூதிப் புதன், திருநீற்றுப் புதன் என்ற பெயர்களும் உண்டு. பிற சமயத்திலிருந்து வந்தவர்கள் சிலர் இப்பெயரைக் கேட்டுத் தயங்குவார்கள், தயக்கம் தேவையில்லை. சாம்பலைப் பூசித் துக்கத்தையும் மனமாற்றத்தையும் காட்டுவது யோபு நூலிலும் யோனா நூலிலும் இருக்கும் யூத வழக்கம். முற்காலத்தில் வெளிப்படையான பெரும் பாவம் செய்தவர்கள்மீது மட்டும் தூவப்பட்ட சாம்பலை, எல்லா நம்பிக்கையாளரும் பெற வேண்டும் என்று 1091இல் பெனவெந்தோவில் கூடிய சங்கம் வலியுறுத்தியது. தமிழில் அதற்கு ஏற்கெனவே மரியாதைக்குரிய ஒரு சொல் இருந்தது, அதை எடுத்துக்கொண்டார்கள்.

சாம்பல் எப்படி வருகிறது என்பதை ஒருமுறையாவது அருகிலிருந்து பாருங்கள். முந்தைய ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று (உயிர்ப்பு ஞாயிறுக்கு முந்தைய ஞாயிறு) மந்திரித்துக் கொடுத்த தென்னங்குருத்தை மக்கள் சிலுவையாகப் பின்னி, வீட்டுப் படத்தின் பின்னாலோ நிலைக்கதவின் மேலோ செருகி வைத்திருப்பார்கள். சாம்பல் புதனுக்கு முந்தைய ஞாயிறன்று அவற்றை ஆலயத்துக்குக் கொண்டுவரச் சொல்வார்கள். ஓராண்டு புகையும் தூசியும் படிந்து பழுப்பேறிய ஓலையிலிருந்து முதலில் ஈர்க்கைக் கிழித்தெடுக்க வேண்டும். ஈர்க்கு எளிதில் பொடியாவதில்லை, கரிக்குச்சியாகவே நின்றுவிடும். ஓலையை மட்டும் மண்சட்டியில் இட்டு எரித்து, ஆறியபின் கையால் நொறுக்கி, வெள்ளை வேட்டித் துணியில் சலித்தால் நெற்றியில் ஒட்டும் நயம் வந்துவிடும். ஒரு கூடை ஓலைக்குக் கிடைப்பது ஒரு சிறு கிண்ணம்தான். அதில் தண்ணீரைத் தாராளமாக ஊற்றிக் குழைக்கக் கூடாது. சாம்பலின் காரம் தோலை எரிக்கும். உலர்ந்தபடியே இடுவது குழந்தைகளுக்கு நல்லது.

ஆலயத்துக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுச் செல்லுங்கள். எங்கள் பக்கத்துச் சிற்றூர்ப் பங்குகளில் ஆண்கள் ஒரு பக்கமும் பெண்கள் ஒரு பக்கமும் அமர்வார்கள். முன்னால் பார்த்துவிட்டு அமர்ந்தால் போதும். நற்செய்தியும் மறையுரையும் முடிந்தபின் வரிசையாகச் சென்று நெற்றியில் சிலுவை அடையாளமாகச் சாம்பலைப் பெற வேண்டும். குரு சொல்லும் வார்த்தை இரண்டில் ஒன்றாக இருக்கும்: மனிதன் மண்ணிலிருந்து வந்தவன், மண்ணுக்கே திரும்புவான் என்று தொடக்கநூலை நினைவூட்டுவது ஒன்று, மனம் மாறி நற்செய்தியை நம்புங்கள் என்ற மாற்கு நற்செய்தியின் அழைப்பு மற்றொன்று. திருமுழுக்குப் பெறாதவர்களும் சாம்பல் பெறலாம். அதன்பின் நற்கருணை (புனிதமாக்கிய அப்பம்) வழங்கும்போது மட்டும், இன்னும் அதற்கு ஆயத்தமாகாதவர்கள் இருக்கையிலேயே இருந்து மன்றாட வேண்டும். இது யாரையும் ஒதுக்குவதன்று. இரண்டும் வெவ்வேறு தன்மையுள்ளவை என்பதே காரணம்.

சாம்பலை எப்போது துடைக்கலாம் என்பதற்கு விதி ஏதும் இல்லை. திருப்பூரில் பனியன் கம்பெனி ஷிப்டுக்குப் போகிறவர் காலைத் திருப்பலியிலிருந்து (பூசையிலிருந்து) நேரே போனால், வேர்வையிலேயே அது கரைந்துவிடும். அன்று வாசிக்கப்படும் மத்தேயு ஆறாம் அதிகாரம், நோன்பிருக்கும்போது முகத்தைக் கழுவிக்கொள், மனிதர் பார்க்கச் செய்யாதே என்றுதான் சொல்கிறது.

தென்னிந்தியத் திருச்சபையின் ஆலயங்களில் பலவற்றில் சாம்பல் இடும் வழக்கம் இல்லை. அன்று ஆராதனையும் தியானமும் இருக்கும், வாரம் ஒரு நாள் மாலை லெந்து தியானக் கூட்டம் நடக்கும். பெந்தெகொஸ்து சபைகளில் பெரும்பாலும் இக்காலமே அனுசரிக்கப்படுவதில்லை.

உணவு: ஒருசந்தியும் சுத்தபோசனமும்

புதியவர்கள் அதிகம் குழம்புவதும், சற்றே அக்கறையோடு கற்றுக்கொள்ள வேண்டியதும் இந்தப் பகுதிதான்.

நோன்பு, உபவாசம் இரண்டும் பொதுச்சொற்கள். கத்தோலிக்கர் பயன்படுத்தும் இன்றைய விவிலியத்தில் நோன்பு என்றும், சீர்திருத்தச் சபையாரின் பழைய மொழிபெயர்ப்பில் உபவாசம் என்றும் இருக்கும். ஒருசந்தியும் சுத்தபோசனமும் அப்படிப் பொதுவானவை அல்ல. ஒவ்வொன்றும் ஒரு திட்டமான ஒழுங்கைக் குறிக்கும். சந்தி என்றால் பொழுதுகள் சந்திக்கும் வேளை. ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு வேளை மட்டும் நிறைவாக உண்பது. புரட்டாசிச் சனிக்கிழமையில் ஒருசந்தி இருக்கும் உங்கள் அம்மாவோ அத்தையோ பயன்படுத்தும் அதே சொல்தான். சுத்தபோசனம் என்பது இறைச்சியை விலக்கிய உணவு. அளவுக்கு அதில் கட்டுப்பாடு இல்லை. ஒன்று அளவைப் பற்றியது, மற்றொன்று வகையைப் பற்றியது.

இச்சொற்கள் திருச்சபைக்குள் வந்த பாதையைக் கொங்கு நாட்டில் இருந்துகொண்டு நினைப்பதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. மதுரை மறைப்பணித் தளத்தைத் தொடங்கிய இராபர்ட் தே நொபிலி என்னும் தத்துவ போதகர், 1623இல் மதுரையை விட்டு வடக்கே நடந்து சேந்தமங்கலத்துக்கும் சேலத்துக்கும் வந்தார். காவியுடுத்தி, இறைச்சியை அறவே விலக்கி, நாளுக்கு ஒரு வேளைச் சோறும் காய்கறியும் உண்டு வாழ்ந்தவர் அவர். நற்செய்தியைச் சொல்பவனிடம் இந்நாட்டார் எதிர்பார்ப்பது தவத்தையே என்று அவர் கண்டுகொண்டிருந்தார். அந்த நூற்றாண்டிலேயே அவர் வழிவந்த சேசு சபையினர் கருமத்தம்பட்டி, தாராபுரம் பக்கங்களில் சபைகளை வளர்த்தார்கள். நம் பாட்டிமாரின் வாயில் இன்றும் இருக்கும் ஒருசந்தி என்ற சொல் அத்தகைய வாழ்க்கை வழியாக வேரூன்றியது. மறையுரைகளிலிருந்து இது மெல்ல மறைந்துவருவது எனக்கு உண்மையிலேயே வருத்தமளிக்கிறது. நோன்பு என்று பொதுவாகச் சொல்லும்போது என்ன செய்வது என்ற கேள்வி எஞ்சுகிறது. ஒருசந்தி என்றால் அந்தக் கேள்வியே எழுவதில்லை.

இன்றைய கத்தோலிக்க ஒழுங்கு எளிமையானது. சாம்பல் புதன், பெரிய வெள்ளி ஆகிய இரண்டு நாட்களில் ஒருசந்தியும் சுத்தபோசனமும் சேர்ந்து கட்டாயம். தவக்காலத்தின் மற்ற வெள்ளிக்கிழமைகளில் சுத்தபோசனம். ஒருசந்தி 18 வயது நிறைந்ததிலிருந்து 60ஆம் வயது தொடங்கும்வரை; சுத்தபோசனம் 14 வயது நிறைந்ததிலிருந்து. ஒருசந்தி நாளில் ஒரு வேளை நிறைவாகவும், மற்ற இரு வேளை அதைவிடக் குறைவாகவும் உண்ண அனுமதி உண்டு. 1966இல் திருத்தந்தை ஆறாம் பவுல் ஒழுங்கைத் தளர்த்துவதற்கு முன் நோன்பு நாட்கள் இன்னும் பலவாக இருந்தன. ஆகவே மாமியார் நாற்பது நாளும் ஒருசந்தி இருந்தால், அது அவர் இளமையில் கற்ற ஒழுங்கு. நீங்களும் அப்படியே இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

மீன், முட்டை, பால் ஆகியவற்றைத் திருச்சபைச் சட்டம் இறைச்சியில் சேர்ப்பதில்லை. ஆனாலும் நம் பகுதியில் பல வீடுகளில் மீனும் முட்டையும்கூட அடுப்பேறாது. கவுச்சி என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் அடக்கிவிட்ட ஊரில் அதுவே இயல்பு. வீட்டின் வழக்கத்தைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். உணவுக்கும் நமக்குக் குறைவில்லை: அரிசியும் பருப்பும் சாதம், கொள்ளுப் பருப்பு, பச்சைப்பயிறு கடைசல், கம்மஞ்சோறு, இராகிக் களி எல்லாம் அன்றாடச் சமையலே. ஓர் எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும். இறைச்சியை விலக்கிவிட்டு அதற்கு ஈடாக ஓட்டலில் பன்னீரும் காளானும் வரவழைத்து விருந்துண்டால் சட்டம் நிறைவேறும், தவம் நிறைவேறாது. அன்றைய கறிக்கு ஆகியிருக்கும் பணத்தை உண்டியலில் போடுவதற்காகத்தான் சமையல் எளிமையாகிறது.

சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார், நோயாளிகள், மில்லிலும் தோட்டத்திலும் கடும் உடலுழைப்பு செய்பவர்கள் ஒருசந்தி இருக்கக் கட்டாயம் இல்லை. மார்ச் மாதம் பொதுத்தேர்வு எழுதும் பிள்ளைகளைப் பட்டினி போடாதீர்கள். இத்தகையோர் வேறொன்றைத் துறக்கலாம்: டீக்கடை வடை, கைப்பேசியில் செலவாகும் இரவு நேரம், வீட்டில் எழும் கடுஞ்சொல். கடைசியில் சொன்னதே கடினமானது. அதையே முதலில் தேர்ந்துகொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமைகளில்

மாலையில் சிலுவைப் பாதை நடக்கும். சுவரில் மாட்டியிருக்கும் பதினான்கு படங்களுக்கு முன் ஒவ்வொன்றாக நின்று, இயேசு தீர்ப்பிடப்பட்டதிலிருந்து அடக்கம் செய்யப்பட்டதுவரை தியானிக்கும் வழிபாடு இது. நிலைகளின் எண்ணிக்கை பதினான்கு என்று 1731இல் திருத்தந்தை பன்னிரண்டாம் கிளமெண்ட் உறுதிசெய்தார். மூத்தவர்கள் இவற்றை ஸ்தலம் என்பார்கள். ஒவ்வொரு நிலையிலும் முழந்தாளிட்டு எழ வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் நின்றபடியே மன்றாடலாம். பதில்மொழிகள் பழந்தமிழ் நடையில் இருக்கும். முதல் வாரம் கேட்டுக்கொண்டிருந்தால் இரண்டாம் வாரம் வாய் தானாகச் சேர்ந்துகொள்ளும். ஆலயத்தில் ஊதா நிற உடையும் திரையும் இருப்பதையும், திருப்பலியில் ‘அல்லேலூயா’ பாடாததையும் கவனியுங்கள். அந்தச் சொல் உயிர்ப்புப் பெருவிழாத் திருவிழிப்பு (முந்தின சனி இரவு வழிபாடு) வரை ஒலிக்காது.

ஈகையும் ஒப்புரவும்

மத்தேயு ஆறாம் அதிகாரம் ஈகை, மன்றாட்டு, நோன்பு என்ற வரிசையில்தான் பேசுகிறது, ஈகை முதலில். பங்கில் கொடுக்கும் தவக்கால உறையையோ உண்டியலையோ சமையலறையில் வையுங்கள், பூசையறையில் வேண்டாம். மிச்சம் பிடித்த பணம் அங்குதான் தெரியும். குழந்தைகளே போடட்டும்.

திருமுழுக்குப் பெற்றவர்கள் பாஸ்காவுக்கு முன் ஒப்புரவு அருளடையாளம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிட்டு மன்னிப்புப் பெறுதல்) பெறுவது வழக்கம். முன்னாளில் பாவசங்கீர்த்தனம் என்றார்கள். புனித வாரத்தில் வரிசை நீளும். மூன்றாம், நான்காம் வாரத்திலேயே சென்றுவிட்டால் குருவோடு அமைதியாகப் பேச முடியும். நெடுநாள் விட்டுப்போனவர்கள் அதை அவரிடமே சொன்னால், முறையை அவர் சொல்லித் தருவார்.

மண்டபம் பிடிக்கும் முன்

தவக்காலத்தில் திருமணத்தைச் சட்டம் முற்றாகத் தடுக்கவில்லை. ஆனாலும் நம் பகுதிப் பங்குகளில் பொதுவாக வைப்பதில்லை. பெரிய வெள்ளியும் பெரிய சனியும் அறவே கூடாது. சம்பந்தி வீட்டார் மாசி முகூர்த்தம் பார்த்து மண்டபத்துக்கு முன்பணம் கொடுத்துவிட்ட பிறகு பங்குக் குருவிடம் போனால் இரு வீட்டுக்கும் மனக்கசப்பு வரும். நாட்காட்டியைப் பார்த்து, குருவிடம் பேசிவிட்டு, அதன்பின் மண்டபத்துக்குப் போங்கள். வளைகாப்பு, காதுகுத்து போன்ற விருந்துகளுக்குத் தடை இல்லை. வெள்ளிக்கிழமையைத் தவிர்த்து, சமையலை எளிமையாக வைத்தால் போதும். இந்து உறவினர் வீட்டுக் கெடாவெட்டுக்கு அழைத்தால் போய்வாருங்கள். வெள்ளியாக இருந்தால் இரசமும் மோரும் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, காரணத்தைச் சொல்லுங்கள். விரதத்தை மதிக்கத் தெரிந்த ஊர் இது.

முடிவு எப்போது

வழிபாட்டுக் கணக்கின்படி, பெரிய வியாழன் மாலையில் ஆண்டவரின் இராவுணவுத் திருப்பலி தொடங்கும்போது தவக்காலம் முடிந்து பாஸ்கா முப்பெரும் நாட்கள் தொடங்குகின்றன. ஆனால் அன்றிரவே கறி எடுத்துவிடக் கூடாது. மறுநாள் பெரிய வெள்ளி, ஒருசந்தி நாள். சனி இரவு திருவிழிப்புக்குத் தனித் துணிப்பையில் மெழுகுவர்த்தியும், மெழுகு கையில் வடியாமலிருக்க அட்டைத் துண்டும் எடுத்துச் செல்லுங்கள். வழிபாடு நள்ளிரவைத் தாண்டக்கூடும். ஊருக்குத் திரும்பக் கடைசிப் பேருந்து இருக்காது என்பதால் வண்டிக்கு முன்பே சொல்லிவையுங்கள். ஞாயிறு காலை கறிக்கடையில் கூட்டம் அலைமோதும். திருவிழிப்பு முடிந்து தூங்காமல் நேரே போகிறவர்களுக்குத்தான் நல்ல கறி கிடைக்கும்.